தாளின் பின்பக்கம்

நவம்பர் 14, 1996. வியாழன் இரவு.

“அது நான் போட்ட கணக்கு” என்று இன்று நான் சொல்லவில்லை.

அக்காவும் அத்தானும் ரூஜ் என்ற இடத்தில் வாங்கும் புது வீட்டில் குளிர்காய எந்த ஃபயர்பிளேஸ் வேண்டும் என்று பில்டருக்கு இன்றைக்குள் சொல்லவேண்டும். விறகு, காஸ், கரண்ட் மூன்றுக்கும் ஒரு வருடத்துக்கு என்ன செலவாகும் என்று நூலகத்தில் இரண்டு பின்னேரம் இருந்து எழுதிக் கொடுத்தேன். இன்று வீட்டுக்கு வந்த சிநேகிதர்களுக்கு அத்தான் அதைத் தன் கணக்காக வாசித்தார்.

“விறகின்ர சூடெல்லாம் புகைபோக்கியால போயிடும். காஸ்தான் மலிவு.”

நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். என்னைக் காட்டி, “உவவும் எந்நேரமும் புத்தகம்தான். என்ன பிரயோசனம்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது அவர்களில் ஒருவரான சிவம் அண்ணை கேட்டார்: “காஸில ஒரு சின்னச் சுடர் வருசம் முழுக்க எரியுமாமே. அந்தச் செலவைச் சேர்த்தனீரோ?”

அத்தான் என்னைப் பார்த்தார். கோடையில் அதை அணைத்துவைக்கலாம், எப்படிப் பார்த்தாலும் காஸ்தான் மலிவு என்று தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

“தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ அண்ணை?” என்று நான் சிவம் அண்ணையைக் கேட்டேன்.

“அப்ப உம்மட கணக்குப் பிழை ஐசே!” என்று அவர் அத்தானைப் பார்த்துச் சிரித்தார்.

அத்தானின் முகம் கறுத்தது. எனக்கு இனித்தது. இப்போதும் இனிக்கிறது.

“அதுதானே, நான் விறகே போடப்போறன்” என்று சொல்லி, எல்லார் முன்னாலும் பில்டருக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

இனிச் சாம்பல் அள்ளப்போவது அக்கா.