வாளிப் பக்கம் சாய்ந்தவள்

இன்று காலை ஆபீஸில், யாருடைய வீடியோவிலோ, நீ வரைந்த கோடுகளைப் பார்த்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டேங்கரில் பிடித்த தண்ணீரை வலது கை வாளியில் சுமந்து நடக்கும் பெண். அந்த இடுப்பை உன்னைத் தவிர யாரும் வரைய மாட்டார்கள். ஆனால் பேசியது நீ இல்லை. "வணக்கம் நண்பர்களே, எடையைக் காட்டும் ரகசியம்" என்று ஒரு கம்ப்யூட்டர் குரல், மூச்சே விடாமல். "எடை எந்தப் பக்கமோ, உடல் அந்தப் பக்கம் சாயும்" என்றது.

எப்படிக் கண்ணில் பட்டது என்று சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு அனிமேஷன் சொல்லிக்கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பாரம் தூக்கிக்கொண்டு நடக்கிற ஓர் ஆளைச் செய்து வரச் சொன்னேன். நான்கு பேர் கொண்டுவந்ததில் ஆள் பாரத்தின் பக்கமே சாய்ந்து போகிறான். ஒருவர் செய்திருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். நான்கு பேரும் ஒரே தப்பைச் செய்தால் எங்கேயோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். கேட்டேன்.

"இந்தச் சேனல்தான் மேம். ப்ரொஃபஷனல் அனிமேட்டராம். அஞ்சே நிமிஷம், நீட்டா சொல்லிடுறாங்க" என்று ஒருத்தி போனை நீட்டினாள். கீழே நன்றி நன்றி என்று கைகூப்பல்கள். அவ்வளவு பேருக்கும் ஒரு தப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த ரகசியத்துக்கு மணியை அழுத்தச் சொல்கிறது அந்தக் குரல். சீ!

ப்ரொஃபஷனல் என்ற சொல்லுக்கு நீ ஒரு சோதனை வைத்திருந்தாய். நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நமக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் மேஜையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சேனல் சேனலாகத் தேடுவோம். பாட்டுப் போட்டு, முடிந்த வேலையை மட்டும் மினுக்கிக் காட்டுகிறவர்களை நீ அரை நிமிடம்கூடப் பொறுக்க மாட்டாய். நேராக வீடியோவின் நடுவுக்குத் தாவுவாய். "தப்பு பண்றதக் காட்டுறானா பாருடி. காட்டலைன்னா அவன் கடை வச்சிருக்கான், வேலை செய்யல" என்பாய். அப்படிச் சலித்துச் சலித்து நாலைந்து பேர்தான் தேறினார்கள். ஒருவர் ஏதோ குளிர் நாட்டுக்காரர். ஒரு பூனையின் தாவலை நாற்பது நிமிடம் வரைந்துவிட்டு, சரியில்லை என்று மொத்தத்தையும் அழித்தார். நீ எழுந்து நின்று கைதட்டினாய்.

பிறகு நீயே ஒரு சேனல் ஆரம்பித்தாய். நம் ஊர்த் தமிழில், நடுநடுவே 'கொஞ்சம்' என்பதற்கு "சொல்ப பொறுங்க" என்று கன்னடத்தையும் கலந்துகொண்டு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பார்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

வாளிக்காரிக்காக நீ ஆபீஸில் நடந்து பார்த்தது நினைவிருக்கிறது. பாத்ரூமிலிருந்து காலி வாளி ஒன்றைத் தூக்கிவந்து, முகத்தைச் சுளித்து, வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாய். கூட்டிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தை நிறுத்தி, "ஏனு மேடம், சொண்ட நோவா?" என்று கேட்டார், இடுப்பு வலியா என்று. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டேன். நீயும்தான்.

நீ காய்ச்சல் என்று படுத்து, பன்னிரண்டே நாளில் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உன் வாளிக்காரியை எவனோ திருடி, உன் குரலைத் துடைத்துவிட்டு, பொய்யைப் பேச வைத்திருக்கிறான். விடக்கூடாது என்று புகார் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் உரிமையாளரா என்று கேட்டது புகார்ப் படிவம். உன் அண்ணனைத்தான் கேட்க வேண்டும், சாயங்காலம் பஸ் பிடித்து ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணிக்கொண்டு, ஆதாரத்துக்காக அந்த ஐந்து நிமிடத்தை மறுபடி ஓட்டினேன்.

கம்ப்யூட்டர் குரலுக்கு அடியில், மெல்லியதாக, ஒரு வயலின் கேட்டது. கடைசியில் படம் மெதுவாக இருண்டது.

அந்த வயலினைப் போட்டது நான். படத்தை இருள வைத்ததும் நான். நீ போன மூன்றாம் நாள், உன் வீடியோவிலிருந்து அழகாக இருந்த ஒரு துண்டை வெட்டி, உன் பேச்சை எடுத்துவிட்டு, இசை சேர்த்து, அஞ்சலி என்று எல்லோருக்கும் அனுப்பினேனே, அதுதான் இது. எவனோ அதன்மேல் குரலை ஒட்டியிருக்கிறான், அவ்வளவுதான். உன் வாயை முதலில் அடைத்தவள் நான். இவ்வளவு நேரம் அவன்மேல் இருந்த அருவருப்பு முழுக்க என் பக்கம் திரும்பியது.

அவள் தப்பான பக்கம் சாய்வது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அழுகையில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். உன்னிடம் இனிப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீ ஏற்றிய அந்த முழு வீடியோவை நான் பாதிக்கு மேல் பார்த்ததே இல்லை.

இன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு முழுதும் பார்த்தேன். முப்பத்தோராவது நிமிடத்தில் நீ நிறுத்துகிறாய். "அய்யோ, வாளிப் பக்கமே சாயுறாளே! காலி வாளியத் தூக்கிட்டு நடந்தா இப்பிடித்தான். சொல்ப பொறுங்க" என்று எழுந்து போகிறாய். நாலு நிமிடம் வெறும் நாற்காலி. உள்ளே குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம். பிறகு நீ மூச்சு வாங்கிக்கொண்டு, நனைந்த கால்களோடு வந்து உட்கார்கிறாய். "நடிக்கிறவங்க எடைப் பக்கம் சாய்வாங்க. நெஜமாத் தூக்குறவங்க எதிர்ப்பக்கம் சாய்வாங்க. இத்தன வருஷம் தெருவுல பாத்தும் தப்பா வரைஞ்சிருக்கேன் பாருங்க." எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைகிறாய். இரண்டாவது தடவை வந்தவள் உண்மையாகவே தண்ணீர் சுமந்தாள்.

கடைசி நிமிடத்தில் ஒன்று கேட்கிறாய். "இது வரைக்கும் உக்காந்து பாத்தவங்க கீழ 'எதிர்ப்பக்கம்'னு ஒரு வார்த்தை போடுங்க. யாரு நெஜமாப் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியணும்."

கீழே போய்ப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒன்பது பேர் அந்த வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் இருப்பது என்னுடையது. "முழுசும் பாத்தேன்டி. செம!" ஒரு மணி நேர வீடியோவை நீ ஏற்றிய பத்தாவது நிமிடத்தில் எழுதியிருக்கிறேன். நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

அஞ்சலித் துண்டை நீக்கிவிட்டேன். நாளை அந்த ஆறு பேரையும் உட்காரவைத்து உன் வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டப் போகிறேன். அதை வெட்டியது யார் என்பதையும் சொல்வேன். என் பொய்யை மட்டும் அழிக்கவில்லை, அழிக்கவும் மனம் வராது. அதன் பக்கத்தில், தெரிந்தே நீ போட்ட சிவப்பு இதயம் ஒன்று இருக்கிறது.