எண்பத்து நாலு கிலோ

பிரிக்ஃபீல்ட்ஸ்,
3 ஆகஸ்டு 2024, சனி

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

தம்பி சுகு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி வாணியும் நலம். கிள்ளானில் நீயும் மாமாவும் நலந்தானே? இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், இடது கையை டயாலிசிஸ் மெஷினிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வலது கை சும்மாதானே இருக்கிறது என்று எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அக்காவின் கிட்னி தம்பிக்குப் பொருந்துகிறது, ஆனால் எண்பத்து நாலு கிலோவோடு ஆபரேஷன் முடியாது, எழுபத்தைந்துக்கு இறங்கட்டும் என்று டாக்டர் சொன்னாரே. உன் உடம்பில் இருப்பதை வாங்கிக்கொள்ளப் போகிறவன் இப்போது உன் தட்டையும் எட்டிப் பார்க்கிறேன். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

இங்கே ஷெர்லி என்று ஒரு பெண், எங்களுக்கெல்லாம் சாப்பாட்டு ஆலோசனை சொல்பவர். உன் வயது, உயரம், எடையைச் சொல்லிக் கணக்குக் கேட்டேன். நீ சும்மா படுத்துக் கிடந்தாலே மூச்சு விடவும் ரத்தம் ஓடவும் ஒரு நாளைக்கு 1400 கலோரி செலவாகுமாம். நிறுத்தி வைத்த லோரியில் இஞ்சின் ஓடுகிற மாதிரி. கேண்டீன் வேலையையும் சேர்த்தால் 1900. நீ 1300 சாப்பிட்டால், குறைகிற அறுநூறை உடம்பு தன் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 என்று வைத்தால் நாலு மாதத்தில் ஒன்பது கிலோ. பட்டினி கிடக்கவே வேண்டாம். சாப்பிடுவதை ஒரு நோட்டில் எழுதி, தாளைக் கிழித்து எனக்கு அனுப்பு.

உன் தம்பி,
சுகுமாறன்

கிள்ளான்,
2 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி சுகுவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து உன் மாமா, "ஸ்டோர் கிளார்க் ரிட்டயர் ஆனாலும் ஸ்டோர் அவனை விடல லா" என்று சிரித்தார். நாங்கள் நலம். முட்டியைத் தவிர.

நீ சொன்னபடி ஒரு மாதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, ராத்திரி ஒரு தோசை. பசியில் கண் இருட்டுகிறது. நேற்று கிளினிக்கில் ஏறி நின்றேன். அதே எண்பத்து நாலு! தண்ணீர் குடித்தாலே ஏறுகிற உடம்பு எனக்கு. நீ எது தின்றாலும் ஒல்லிக்குச்சியாக இருப்பாய், நான் சோற்றை மோந்து பார்த்தாலே பெருப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே?

முயற்சி செய்கிறேன். என் மேல் கோபப்படாதே.

அக்கா மலர்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 செப்டம்பர் 2024, சனி

அன்புள்ள அக்கா,

கோபமா? எனக்கா? நீ தர வந்தவள். நான் கை நீட்டி நிற்பவன்.

தாள்களை ஷெர்லியிடம் காட்டினேன். குறைத்துச் சாப்பிட்டால் உடம்பும் செலவைக் கொஞ்சம் சுருக்கும், ஆனால் ஒரு கிராம்கூட இறங்காமல் இருக்க அது போதாது என்கிறார். டாக்டரிடம் சொல்லி தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கியிருக்கிறார். இன்னொன்றும் சொன்னார், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நிறைய பேர் தட்டில் வைத்துத் தின்பதை மட்டுந்தான் எழுதுவார்களாம். தேத்தண்ணி, தாளிக்கிற எண்ணெய், கேண்டீனில் உப்புப் பார்க்க வாயில் போடுவது எல்லாம் விட்டுப்போகும். கொஞ்சம் யோசித்துப் பார்.

வாணி சமையல் தராசு ஒன்று வாங்கி அனுப்புகிறாள். உன் பேரைச் சொல்லித்தான் தினமும் விளக்கேற்றுகிறாள்.

சுகு

கிள்ளான்,
8 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

தைராய்டு நன்றாக இருக்கிறதாம். குற்றவாளியைப் பிடித்துவிட்டேன்! செவ்வாய், வெள்ளி விரதம், இப்போது புரட்டாசி வேறு. விரதத்தில் பாலும் பழமும் சாப்பாட்டில் சேர்த்தியா? அதனால் அவற்றை எழுதவே இல்லை. தராசு வந்ததும் நிறுத்துப் பார்த்தேன். வாழைப்பழம் நாலு, பேரீச்சம்பழம் ஒரு கை, டின்பால் ஊற்றிய பால் மூன்று டம்ளர். கூட்டினால் ஒரு சாப்பாட்டையே தாண்டுகிறது. சாமி பேரைச் சொல்லித் தின்றால் கலோரி இல்லையென்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. வெட்கக்கேடு. இனி எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

இந்த மாதம் எண்பத்தைந்து. வாணியிடம் சொல்லாதே.

அக்கா

பிரிக்ஃபீல்ட்ஸ்,
16 நவம்பர் 2024, சனி

அன்புள்ள அக்கா,

தீபாவளிக்கு நீ வரவில்லை. முறுக்கை மட்டும் மாமாவிடம் கொடுத்தனுப்பினாய். என்னால் ஒன்றுக்கு மேல் தின்ன முடியாது, ஆனாலும் ருசி அப்படியே இருந்தது.

எண்பத்தாறு என்று கிளினிக்கிலிருந்து சொன்னார்கள். உன் தாள்களையும் பார்த்தேன். முப்பது நாளும் 1290, 1300, 1310. தீபாவளி அன்றுகூட 1300. அக்கா, சுங்கை வே ஃபாக்டரியில் இருபத்தாறு வருஷம் சரக்குப் புத்தகம் பார்த்தவன் நான். நிஜமான புத்தகம் கோணல்மாணலாக இருக்கும், அடித்துத் திருத்தியிருக்கும். உன் அடுப்படியில் எழுதிய தாளில் ஓர் எண்ணெய்க் கறைகூட இல்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். நானும் நோட்டில் 500 என்று எழுதிவிட்டு, பல் விளக்கும்போது குழாயில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். போன மாதம் எடை காட்டிக்கொடுத்துவிட்டது. "அங்கிள், மூணரை கிலோ தண்ணி லா! எங்க குடிச்சீங்க?" என்று நர்ஸ் கத்தினாள். பத்து நாற்காலியும் திரும்பிப் பார்த்தது. அறுபதை நெருங்கும் வயதில், அன்றைக்குப் பட்ட அவமானம் இன்னும் போகவில்லை.

அதனால் உன்னைத் திட்ட எழுதவில்லை. என்ன நடக்கிறதென்று எனக்கு மட்டும் சொல்.

சுகு

கிள்ளான்,
24 நவம்பர் 2024

தம்பி,

நாலு தாளைக் கிழித்துப் போட்டு இதை எழுதுகிறேன்.

நோட்டில் இருப்பது முழுக்கப் பொய். மாதக் கடைசியில் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதுவேன். பாலும் பழமும் தின்றது உண்மை. ஆனால் நீ ஏதாவது காரணம் கேட்டாயே என்று தேடிப்பிடித்த காரணம் அது.

கேண்டீன் முடிந்ததும் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு, அந்த மாமாக் கடைக்குப் போவேன். எண்ணெய் சொட்டுகிற ரொட்டி சானாய் இரண்டு, டின்பால் தேத்தண்ணி தே தாரே ஒன்று. சில நாள் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் பொட்டலம் ஒன்றும். சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பேன். பசிக்காக இல்லை, சுகு. எடை இறங்கிவிடக் கூடாது என்றுதான்.

பயம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, வெறும் பயம். கத்தி வைப்பதை நினைத்தால் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அன்றைக்கு டாக்டர் "சம்மதமா?" என்று கேட்கும்போது வாணி "அண்ணி!" என்று என் காலைத் தொட்டாள். அந்த அறையில் எப்படி மாட்டேன் என்று சொல்வேன்? அப்புறம் எடை குறையட்டும் என்று அவர் சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயால் சொல்லத் துப்பில்லாமல், தின்று தின்று உடம்பைச் சொல்ல வைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதையும் எழுதாவிட்டால் நான் மனுஷியே இல்லை. கிளினிக்கில் எடை பார்க்கும் நாளில் வாசலில் நின்று இரண்டு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போவேன். உன் கடிதத்தில் அந்தக் குழாய் விஷயத்தைப் படித்தேன். நீ திருடிக் குடித்த தண்ணீரை நான் எடை காட்டக் குடித்திருக்கிறேன்.

என்னால் முடியாது, தம்பி.

மலர்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
21 டிசம்பர் 2024, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாலு வாரம் ஆகிவிட்டது. முதல் வாரம் கோபத்தில் எழுதவில்லை, அதை மறைப்பானேன். இரண்டாவது வாரம் உன் கடிதத்தை இந்த நாற்காலியில் வைத்தே மறுபடி படித்தேன். ஆகஸ்டிலிருந்து உன் இட்லியை எண்ணியிருக்கிறேன், சோற்றை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். "அக்கா, உனக்குப் பயமா இருக்கா?" என்று ஒரு வரி கேட்டேனா? கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இது என் பொய்.

டாக்டரிடம் உன் பேரை எடுத்துவிடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தகுதியில்லை என்று மட்டும் எழுதிக்கொண்டார். கிட்னிக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் என் பேர் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

வாணிதான் விடவில்லை. ஏன், ஏன் என்று குடைந்தாள். உனக்குச் சர்க்கரை வந்துவிட்டது, அதனால் எடுக்க மாட்டார்களாம் என்று சொன்னேன். அவள் உட்கார்ந்து அழுதாள். எனக்காக இல்லை, உனக்காக. உன் சர்க்கரை இறங்க வேண்டுமென்று தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

பொங்கலுக்கு நீ வர வேண்டும். முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறதென்று வராமல் இருந்துவிடாதே. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. வாணி உனக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்க மாட்டாள். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்தான் கொடுப்பாள். அவள் முன்னால் முகம் சுளிக்காமல் குடித்துவிடு, அக்கா. இனி என் வீட்டில் உனக்கு எப்போதும் அதுதான்.

உன் தம்பி,
சுகு