பைண்டிங்குக்குப் போகாத புத்தகம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடிதத்தைக் கண்டதும் பதறாதே. போனில் நீ சாப்பிட்டாச்சா என்பாய், நான் ஆச்சு என்பேன், அதோடு ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். இது அந்த இரண்டு நிமிடத்தில் அடங்காது.

கல்லூரியை மூடுகிறார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு சரி. கடைசி வகுப்பில் பதினோரு பேர். தேர்வு முடிந்து போன வாரமே கிளம்பிவிட்டார்கள். ஒரு தானிய வியாபாரி தன் கிடங்கு மாடியில் பத்தொன்பது பிள்ளைகளையும் நான்கு வாத்தியார்களையும் வைத்து ஆரம்பித்த இடம். தன் மகன்களுக்குப் படிப்பு ஏறவில்லை, ஊரார் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்றாராம். மூட்டை எடை போட்ட அறைதான் நம் நூலகம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்கூட அலமாரிக்கு அடியில் பெருக்கினால் நாலு தானியமணி வரும்.

நீ படித்தபோது நானூறு பேர். மணி அடித்தால் மாடிப்படி அதிரும். வாசிப்பு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஜோடிகளையெல்லாம் எனக்குத் தெரியும். சத்தம் வந்தால் உஸ் என்பேன். அதனால் எனக்கு உஸ் சார் என்று பெயர். அதை ஆரம்பித்து வைத்ததே என் மகள்தான் என்று அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். நேற்று ஜன்னல் கதவு காற்றில் படபடவென்று அடித்தது. அதைப் பார்த்து உஸ் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

புத்தகங்களை எல்லாம் பெரிய கல்லூரி ஒன்றுக்குக் கொடுக்கிறோம். இரண்டு வாரமாகத் தனி ஆளாக எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை, கடைசி அலமாரியின் தலையில் கிடந்த செய்தித்தாள் கட்டைப் பிரித்தேன். மூன்றாவதாக இருந்தது அந்தத் தாவரவியல் படப் புத்தகம். நீல அட்டை.

உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் என் வாயால் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் நீ படிப்பை முடித்து, பாக்கி இல்லைப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாய். ஆய்வகம் கையெழுத்துப் போட்டது, விளையாட்டுத் துறை போட்டது, நூலகம் போடவில்லை. அந்தப் புத்தகம் உன் பெயரில் இருக்கிறது என்றேன். “உங்க கையிலதாம்பா குடுத்தேன்” என்றாய். பதிவேடு பொய் சொல்லாது என்று, உன் சிநேகிதிகள் முன்னாலேயே சொன்னேன். விலையைக் கட்டிவிட்டுப் போ என்றார் முதல்வர். தொலைக்காத புத்தகத்துக்கு எதுக்குக் கட்டணும் என்று நீ மறுத்தாய். நான் கட்டியிருக்கலாம். மகளுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கையெழுத்து இல்லாமல் மாற்றுச் சான்றிதழ் கிடைக்கவில்லை. மேற்படிப்புக்குக் கிடைத்த இடம், கடைசித் தேதி தாண்டிப் போயே போய்விட்டது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வேலைக்குப் போனாய். உன் அம்மா இருந்திருந்தால் என் பேனாவைப் பிடுங்கி அவளே கையெழுத்துப் போட்டிருப்பாள்.

புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருந்தது. “முதுகு கிழிசல், பைண்டிங்.” என் கையெழுத்துதான். தேதி, நீ படிவத்தோடு வந்ததற்கு ஆறு நாள் முந்தையது. வாங்கி, பைண்டிங்குக்குப் போக வேண்டிய கட்டோடு சேர்த்துவிட்டு, பதிவேட்டில் உன் பெயரை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அந்த மாதம்தான் பைண்டர் கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். வருடா வருடம் கணக்கெடுப்பில் ‘பைண்டிங் கட்டு ஒன்று’ என்று எழுதினேனே தவிர, ஒரு வருடமாவது அதைப் பிரித்துப் பார்த்தேனா?

நீ சொன்னதுதான் சரி. என் கையில்தான் கொடுத்தாய். அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், உன்னிடமே இருக்கட்டும். பெற்ற மகளை நாலு பேர் முன்னால் பொய்க்காரியாக்கினேன். மன்னித்துவிடு என்று எழுத மூன்று நாளாக உட்கார்ந்தேன். இன்றுதான் எழுத வந்தது.

உன் படிவம் அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பழைய தேதி போட மனம் வரவில்லை, இன்றைய தேதிதான். சிரிக்காதே. இப்போது சான்றிதழும் தயார். படித்தவர் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது விதி. தபாலில் அனுப்பிவிடலாம், இனிமேல் யார் கேட்கப்போகிறார்கள்? உறையில் விலாசம்கூட எழுதிவிட்டேன். அப்புறம் அந்த உறையைக் கிழித்துப் போட்டேன். இதையும் அனுப்பிவிட்டால், உன்னை வா என்று கூப்பிட எனக்கு வேறு காரணம் கிடையாது.

நூலகம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணி வரை திறந்திருக்கும். அதற்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை. சான்றிதழையும் பதிவேட்டையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறேன். விதிக்கு விரோதம்தான்.

நன்றாக இரு, அம்மா. வேளைக்குச் சாப்பிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா