நான் கூப்பிட்ட விலாங்குகள்

செம்பாறையாறு, மடு நிலையம். பதிவு: மெர்லின்
ஐப்பசி 12, 2051. காலை 10.10

நண்பர்களே, இன்று காலை ஒரு விலாங்கு மீன் நான் செய்த இயந்திரத்தின் பின்னாலேயே நீந்தி வந்துவிட்டது, உலகத்தில் வேறு யாருக்கும் இது நடந்ததில்லை!

இயந்திரத்தின் பெயர் நெளியன். முழங்கை நீளம், ரப்பர் தோல். வீடியோ பார்த்துப் பார்த்து நானே செய்தது. கடலுக்குக் கிளம்பும் விலாங்கு தண்ணீரில் எழுப்புகிற அதிர்வை அப்படியே எழுப்பும். அதற்கு ‘கிளம்பு, போகலாம்’ என்று அர்த்தம். என் கணிப்புதான்.

இந்த ஆற்றில் நீர்த்தேக்கம் வரப்போகிறது. வந்தால் விலாங்கு கடலுக்குப் போய் முட்டையிட முடியாது. ‘இங்கே விலாங்கே இல்லை’ என்கிறது அணை கட்டுகிறவர்களின் அறிக்கை. இன்று ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம். நான்கு மணிக்குள் என் கேமரா ஒரே நேரத்தில் நூறு விலாங்கைக் காட்டினால் மறுபடி ஆய்வு செய்வார்கள்.

பகல் 12.40

தண்ணீர் கலங்கல். மேலே வருகிறவை மட்டுமே தெரிகின்றன. கேமரா எண்ணியது முப்பத்தொன்று. என் கேமராவைக் கூட்டத்தில் திரையிட்டிருக்கிறார்கள். அங்கே இருக்கும் என் கூட்டாளி இசக்கியின் அழைப்பு:

“ஏட்டி மெர்லின், திரையில பாத்துட்டு ஒருத்தர் அது தண்ணிப்பாம்புங்காரு. குழம்பு வச்சுக் குடுத்தா மட்டும் விலாங்குன்னு சொல்லுவாரு.”

பகல் 1.55

மடுவில், ஆற்றோரம் நெளியன் நீந்தும் இந்த ஆழமான பள்ளத்தில், தண்ணீர் இறங்குகிறது. ஆற்றின் மேற்பக்கம் இருக்கும் தற்காலிகத் தடுப்பணையின் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டேன்.

“சோதனைக்குத்தான் ஷட்டர இறக்கித் தண்ணிய நிறுத்தியிருக்கோம்மா. சாயங்காலம் ஏத்திருவோம். மேலிடத்துல சொல்லாம நான் தொட முடியாது.”

இசக்கி: “நெளியன நிறுத்து பிள்ள. கூப்பாடு நின்னா, தண்ணி வத்துறதுக்குள்ள அதுக பாட்டுக்கு ஆத்தோட கீழ போயிரும்.”

ஐம்பத்தெட்டு காட்டுகிறது. இன்னும் அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டேன்.

பகல் 2.50

தப்பு செய்துவிட்டேன். மடு ஆற்றிலிருந்து துண்டாகிவிட்டது. நடுவில் பாறை மேடு. இனி நெளியனை நிறுத்தியும் பயனில்லை, அவற்றுக்கு வழி கிடையாது. விலாங்கு ஈரப்பாறையில் ஊர்ந்து போகும்; நெளியனின் அதிர்வும் பாறை வழியே அதற்கு எட்டும். நெளியனைப் பாறை மேல் ஏற்றி ஆற்றுப் பக்கம் ஓட்டுகிறேன். பின்னால் வந்துவிட்டால் போதும்.

பகல் 3.20

நெளியன் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. ரிமோட் வேலை செய்யவில்லை. அணைக்கவும் முடியவில்லை. இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

வருகின்றன. தண்ணீரை விட்டு ஏறி, ஒன்றின் மேல் ஒன்றாக அதைச் சுற்றிக் குவிகின்றன. ஒன்றுகூட அதைத் தாண்டிப் போகவில்லை. வெயில். பாறை சுடும்.

இசக்கி: “பிள்ள, நூத்திப் பன்னெண்டு. இப்பத்தான் அவ்வளவும் பளிச்சுன்னு தெரியுது. எல்லாரும் கை தட்டுதாங்க, கேக்குதா?”

பகல் 3.34. குரல் பதிவு

பாறைக்கு எறங்கிட்டேன். நெளியன கல்லால அடிச்சு நிறுத்தியாச்சு. ஆனா இதுக நகர மாட்டேங்குது. தோலு காயுது. எங்கிட்ட ஒரு வாளிதான் இருக்கு... இசக்கி, மைக்க வாங்கு. கை தட்டுனது போதும்னு சொல்லு. ஈரச் சாக்கு, குடம், அண்டா, எது கைக்குச் சிக்குதோ தூக்கிட்டு மடுவுக்கு வரச்சொல்லு. இதக் கேக்குற எல்லாரும் பக்கத்து ஊருக்கு அனுப்புங்க. படம் எடுக்க வராதீங்க, தண்ணி கொண்டு வாங்க.

திரையப் பாருங்க. நூத்தி நாலு... தொண்ணூத்தொம்பது. எதுவும் ஆத்துக்குப் போகல. இந்தக் கேமரா அசையுறத மட்டுந்தான் எண்ணும்.

வாங்க. ஓடி வா...