சுருக்கம் விழுந்த கோபுரம்

பெட்டியைத் திறந்ததும் லேக்கர் வாடை அடித்தது. தோலுக்குக் கடைசிப் பூச்சாக அடிக்கிற அதே லேக்கர். நீ போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது, உன் வாடை மட்டும் போகவில்லை. நீளமான பூட்ஸ் வைக்கிற ஏற்றுமதி அட்டைப்பெட்டி. அதற்குள் உன் பழைய லுங்கியில் சுற்றிக் கிடந்தது நீர்மூழ்கிக் கப்பல். நாம் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டித் தொலைத்த பிளாஸ்டிக் மாடல். உன் மனைவி ஸ்டெல்லா அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

"மெட்ராஸ்ல பொண்ணு வீட்டோட போய்டறேன்ண்ணா. இத்தையும் எடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன். ஆனா அவரு முடிக்கல. நீங்க கொஞ்சம் முடிச்சுக் குடுங்க."

"இன்னா பாக்கி இருக்குது?"

"எனக்கு இன்னா தெரியும்? கடைசி வாரம்கூட இன்னும் கொஞ்சம் வேலை இருக்குது ஸ்டெல்லான்னுதான் சொன்னாரு. உங்களுக்குத்தான தெரியும்."

எனக்குத் தெரியும். அதுதான் எரிச்சல்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற டேனரியில் ஃபினிஷிங் பிரிவுக்கே மேனேஜராக இருந்தவன் நீ. எடுத்த காரியம் ஒன்றையும் முடிக்காத உனக்கு அந்தப் பதவியை எவன் கொடுத்தான் என்று நான் கேட்கும்போதெல்லாம் சிரிப்பாய். "நம்ம ஊர்ல ஃபினிஷிங்னா முடிக்கிறதாடா? பூசறதுடா." இதைச் சொல்லிவிட்டு ஏதோ பெரிய விஷயம் சொன்னவன் போல டீயை உறிஞ்சுவாய். உன் பதில் சரிதான் என்பது என்னை இன்னும் கடுப்பேற்றும். முள்ளில் கிழிந்தது, உண்ணி கடித்தது, கம்பி கீறியது எல்லாவற்றையும் தேய்த்து, பூசி, பளபளவென்று லாரியில் ஏற்றுவது உன் பிழைப்பு. அந்தத் தோல் ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்கு வந்து இறங்கினால் விரலால் தடவிப் பார்த்து ஒதுக்குவது என் பிழைப்பு. ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு, ஒரே தோல் தொழில்நுட்பப் படிப்பு. பரீட்சையில் நான்தான் உனக்கு மேலே. நீ மேனேஜர். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் முதலாளியின் மச்சினன் மகன் உட்கார்ந்திருக்கிறான், இன்றைக்கும்.

கப்பலை வாங்கியது நீ. நுணுக்க வேலையெல்லாம் செய்யலாம் என்று ஆரம்பித்ததும் நீ. பெட்டியில் வந்தபடி ஒட்டினால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். உடம்பின் பக்கவாட்டில் தண்ணீர் வடிகிற துளைகள் வரிசையாக இருக்கவேண்டும், அச்சில் அவை வெறும் பள்ளங்களாகத்தான் வார்க்கப்பட்டிருந்தன. கறுப்புப் பெயின்டைத் தொட்டு வைத்தால் துளை மாதிரியே தெரியும் என்றேன். ஒவ்வொன்றையும் துளைத்தே ஆகவேண்டும் என்றாய். விரலிடுக்கில் உருட்டுகிற சின்னத் துளைக்கருவியோடு உன் சத்துவாச்சாரி வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து வலப்பக்கம் முழுவதையும் துளைத்தாய். இடப்பக்கம் வந்ததும் உனக்கு அலுத்துவிட்டது.

"அந்தப் பக்கம் செவுத்தப் பார்த்துதான நிக்கப் போவுது. வுடுடா," என்றாய்.

"அப்ப இந்தப் பக்கமும் கறுப்பு வெச்சிருக்கலாமே. எதுக்கு ஆரம்பிச்ச?"

"ஏன்டா பேஜார் பண்ற, பெரிய இன்ஸ்பெக்டரு."

கோபுரம் என் பொறுப்பாயிற்று. கப்பலின் முதுகில் நிற்கிற அந்தச் சின்னக் கோபுரத்தில்தான் பார்ப்பவர் கண் முதலில் விழும். வேலூர் லாங் பஜார் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் எரிந்துபோன செம்புக் கம்பியை வாங்கி வந்து, தீய்த்து, நீவி நேராக்கி, கைப்பிடிக் கம்பிகள் செய்தேன். தூண் ஒவ்வொன்றும் அரிசியை விடக் குட்டை. மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கியால் நிறுத்தவேண்டும். தும்மினால் ஒரு ஞாயிறு போச்சு. மொத்தமும் நேராக நின்ற அன்று உன்னிடம் காட்டினேன். நீ கம்பியைப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்தாய்.

"இது ஒரு கிரேவாடா? எங்க ஷாப்ல நான் போடுற கிரேவப் பார்த்திருக்கியா? ஒரு நாளு குடு, எடுத்துட்டுப் போய் ஒரு கோட் அடிச்சுட்டு வர்றேன்."

கொடுத்தேன். சனிக்கிழமை எடுத்துப் போனாய். திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து நான் இறங்கியபோது ஸ்டாப்பிலேயே காத்திருந்தாய். நீ எனக்காகக் காத்திருந்ததே கிடையாது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

தோலுக்கு அடிக்கிற லேக்கரைப் பிளாஸ்டிக்குக்கு அடித்திருக்கிறாய். தோல் அதைக் குடிக்கும், பிளாஸ்டிக் கரையும். இது முதல் வருடப் பாடம், அதே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் படித்த பாடம். இருபது வருடம் எதைப் பார்த்தாலும் அதைத் தோல் என்றே நினைத்துப் பூசிய கை, அன்றைக்கும் அப்படியே பூசியிருக்கிறது. கோபுரம் மாட்டுக் கழுத்துத் தோல் மாதிரி சுருங்கிப் போயிருந்தது. என் கம்பிகள் இளகிய பிளாஸ்டிக்கில் கால் புதைந்து, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

"கலர் வந்துடுச்சு பாரு," என்றாய்.

நீயே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாய். "ஆழத்துல தண்ணி அமுக்கினா தகடு இப்டித்தான்டா நெளியும். நெசக் கப்பல் போட்டோ பாரு. இதான் டீடெயிலு." எச்சிலைத் தொட்டுத் தேய்த்துவிட்டு, நெளிவுகளின் ஓரத்தில் துருக்கறை வரைந்து, அதையே கப்பலின் முதுகில் ஒட்டியும் விட்டாய். பழுதான தோலுக்கு என்ன செய்வாயோ அதையேதான் இதற்கும் செய்தாய்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். கோட்டைக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாடல் கண்காட்சி வைத்தார்கள், நீ கப்பலைக் கொண்டுபோய் வைத்தாய். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அருமைங்க. கடல்ல கெடந்து வந்த கப்பல் இப்படித்தான் நெளிஞ்சிருக்கும். எல்லாரும் புதுசு மாதிரி பண்ணி வெச்சிருப்பாங்க. இத யாரு செஞ்சது?"

"நான்தான் சார்," என்றாய்.

"கைப்பிடிக் கம்பிதான் கொஞ்சம் சுமாரு. கோணலா நிக்குது."

நீ என் தோளில் கை போட்டு, "அது நம்ம தோஸ்த் வேலை சார்," என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அவரும் சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அன்றைக்கு நிறுத்தினேன் உன்னோடு பேசுவதை. நீ பஸ் ஸ்டாப்புக்கு வந்தாய், போன் செய்தாய், ஸ்டெல்லாவை விட்டும் பேசச் சொன்னாய். "ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்ளோ ஜாஸ்தியாடா" என்று செய்தி அனுப்பினாய். சின்ன விஷயம் என்று நீ முடிவு செய்யக் கூடாது. இப்போதும் அதையேதான் சொல்கிறேன். செத்துப் போனதால் நீ சொன்னது சரியாகிவிடாது.

அந்த நாட்களில் நான் ஒரு கோபுரம் செய்தேன். முன்பு எடுத்துவைத்த அளவுகளை வைத்துப் பிளாஸ்டிக் தகடு வெட்டி, அந்தக் கப்பலின் முதுகுக்கு மட்டுமே பொருந்துகிற வளைவில் தேய்த்து, புதிதாகக் கம்பி நிறுத்தி. ஏன் செய்தாய் என்று கேட்காதே. கப்பல் உன் வீட்டில் இருந்தது, நான் உன் வீட்டுக்கு வரப்போவதில்லை. செய்தேன், அவ்வளவுதான்.

ஆகவே ஸ்டெல்லா முடித்துக் கொடுங்கள் என்று சொன்னபோது, என்ன பாக்கி என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நீ சுவருக்கு விட்டுவைத்த இடப்பக்கத்தை முழுவதும் துளைத்தேன். தூசியை ஊதினேன், அறுந்து கிடந்த ஆன்டெனா கம்பியைக் கட்டினேன். பிறகு மெல்லிய பிளேடை விட்டு உன் சுருக்கம் விழுந்த கோபுரத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, என்னுடையதை வைத்தேன். பொருந்தியது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. என் வேலையில் நான் எதையும் இவ்வளவு சுத்தமாகப் பாஸ் செய்ததில்லை. முதல்முறையாக அந்தக் கப்பல் முடிந்திருந்தது.

ஸ்டெல்லா வந்தாள். லுங்கியை விலக்கிப் பார்த்தாள். சந்தோஷப்படத் தயாராக வந்த முகம் அப்படியே நின்றது.

"இது அவருதில்லையேண்ணா."

"அதே கப்பல்தாம்மா. மேல மட்டும் மாத்தியிருக்கேன். அந்தப் பழசு கெட்டுப்போனது. லேக்கர் அடிச்சு சுருங்கிப் போனது."

"தெரியும்ண்ணா. அவரே சொல்லிட்டாரு. மண்டபத்துல பெரியவருகிட்ட உண்மையைச் சொல்லாம வாயை மூடிட்டேன், அவன் போய்ட்டான்னு தெனம் பொலம்புவாரு. கப்பலு கையில இருந்தா அந்தச் சுருக்கத்தத்தான் கட்ட வெரலால தடவிட்டே இருப்பாரு." லுங்கியைத் திரும்ப மூடினாள். "பழச வெச்சுக் குடுங்கண்ணா. எனக்கு அதான் வேணும்."

என்னிடம் சொல்லவேண்டியதை அவளிடம் தினம் சொல்லியிருக்கிறாய்! என் வீட்டுக்கு ஒரு நாள் வந்து, கதவைத் தட்டி, ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாப்பில் "இன்னாடா இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சுனு இருக்கே" என்று கேட்டாயே, அதற்குப் பதிலாக இதைச் சொல்லியிருக்கலாம். அதையும் முடிக்காமலேதான் போயிருக்கிறாய்.

அவள் எதிரிலேயே என் கோபுரத்தைக் கழற்றினேன். உன்னுடையதை ஒட்டினேன். அடியில் கோணலாக இருந்ததால் சரியாக உட்காரவில்லை, பசை காயும்வரை விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டி இருந்தது. சுருக்கத்தின் மேல், நடுவில் ஒரு இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. என் கட்டைவிரல் அதில் சரியாகப் பொருந்தியது. ஸ்டெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கப்பல் மெட்ராஸ் போய்விட்டது. நான் செய்த கோபுரம் மட்டும் என் மேஜைமேல் நிற்கிறது, அடியில் கப்பல் இல்லாமல். பார்க்கிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். பேப்பர் வெயிட் என்கிறேன். நீ சத்துவாச்சாரியில் இருந்தவரை, பேசாவிட்டாலும் கோபத்துக்கு ஒரு விலாசம் இருந்தது. இப்போது அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு நான் ஆம்பூருக்கும் வேலூருக்கும் பஸ்ஸில் போய்வருகிறேன். போன ஞாயிறு அந்தக் கோபுரத்துக்கு ஒரு ஏணி செய்து ஒட்டினேன். அடுத்த ஞாயிறு விளக்கு வைக்கவேண்டும். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது.