போத்தலில் இருந்தது

மார்ச் 4, திங்கள்

மலர் குழைய வடித்த சோறும் அவித்த பூசணியும் கட்டிக் கொடுத்தாள். மிளகாய் இல்லை, முட்டைக்கோஸ் இல்லை, கருவாடு இல்லை. பல் முளைக்காத பிள்ளைக்கு ஊட்டுகிற சாப்பாடு. மற்றவர்கள் கண்ணில் படாமல் திரும்பி உட்கார்ந்து தின்றேன். ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் கிரோன்ஸ் என்று பெயர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. குடல் புண்ணாகி அடிக்கடி வயிற்றால் போகிற நோய். மருந்தில் அடங்கும், முழுசாகப் போகாது. என் பெண்டாட்டி மலரைத் தவிர யாருக்கும் தெரியாது. இதை எந்த வாயால் சொல்வது?

மார்ச் 6, புதன்

மறுபடியும் மெஷினை நிறுத்த வைத்தேன். தேயிலைக் கொழுந்து வெட்டுகிற மெஷினை ரெண்டு பேர் பிடிக்க வேண்டும்; செடி நிரையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காளியண்ணன். நான் விட்டுவிட்டு ஓடினால் அவன் சும்மா நிற்க வேண்டியதுதான். கழுவுவதற்குப் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் போனேன். திரும்பும்போது கண் சிவந்து, கால் தள்ளாடியது. அவன் என் போத்தலையே பார்த்தான்.

"காலையிலயே ஆரம்பிச்சிட்டியா?"

சாராயம் என்று நினைத்துவிட்டான். இல்லை என்று சொல்லவில்லை. சிரித்து வைத்தேன். சீ! குடிகாரன் என்ற பெயர் எனக்கு வசதியாகப் போய்விட்டதே.

மார்ச் 7

மலரிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 13, புதன்

ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை விடாமல் போட்டும் ரத்தம் ஏறவில்லை. எது சாப்பிடலாம், எது கூடாது என்று சொல்லிக் கொடுக்கிற மிஸ்ஸி குமுதா, "மாத்திரைய எதோட போடறீங்க?" என்று கேட்டார். தேத்தண்ணியோடு என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணே, தேத்தண்ணி அந்தச் சத்த ஒடம்புல சேர விடாது லா. வெறும் தண்ணியில போடுங்க. தேத்தண்ணிய ரொம்பத் தள்ளிக் குடிங்க. ஆஸ்பத்திரி மருந்த மட்டும் நிறுத்திடாதீங்க."

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு மாத்திரை முழுங்க வேறு என்ன தோன்றும்? பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 18, திங்கள்

காளியண்ணன் கங்காணியிடம் வேறு ஜோடி கேட்டிருக்கிறான். எல்லார் முன்னாலும் சொன்னான்: "எங்கப்பன சாராயம்தான் கொண்டுபோச்சு. குடிகாரங்கூட கத்தி ஓடுற மெஷின புடிச்சிக்கிட்டு என்னால நடக்க முடியாது."

ஜோடி இல்லாதவனுக்கு மெஷின் இல்லை. செடிக்குப் பூச்சிமருந்து அடிக்க அனுப்புவார்கள். அந்த டாங்கியை முதுகில் தூக்க இந்த உடம்பில் என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சனியன் பிடிச்ச மானம், சொல்ல விடமாட்டேங்குதே!

மார்ச் 21, வியாழன்

மாட்டிக்கிட்டேன். செடி மறைவு வரைக்கும் போக முடியல. பாதி வழியிலயே — கால்சட்டையெல்லாம். அப்படியே உக்காந்து அழுதேன். காளியண்ணன் பின்னாலேயே வந்து போத்தலைப் பிடுங்கினான். மூடியைத் திறந்து மோந்தான். திரும்பவும் மோந்தான்.

"வெறும் தண்ணிடா!"

அப்புறம்தான் என்னைச் சரியாகப் பார்த்தான். மூக்கைப் பொத்துவான் என்று நினைத்தேன். பொத்தவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒட்டிக்குமா?"

"ஒட்டாது."

"அப்பறம் ஏண்டா என்னைய அப்படி நெனைக்க விட்ட?"

தன் மழைக்கோட்டைக் கழற்றி, இடுப்பில் கட்டிக்கொள் என்று போட்டுவிட்டுப் போனான். போத்தலும் அவன் கையோடு போய்விட்டது.

மார்ச் 22

வேலைக்குப் போகவில்லை. இந்நேரம் லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்திருக்கும்.

மார்ச் 25, திங்கள்

மலர் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை. ஜோடி மாற்றம் வேண்டாமென்று காளியண்ணன் சொல்லிவிட்டதாகக் கங்காணி சொன்னார். அவன் மெஷினின் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் வயிறு பிசைய ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். படக்கென்று மெஷினை அணைத்துவிட்டு, பக்கத்து நிரைக்கெல்லாம் கேட்கும்படி கத்தினான்.

"அடச்சே, எனக்கு வயித்தக் கலக்குது லா! கொஞ்சம் பொறுங்கப்பா!"

எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினான்.

அவன் நின்ற இடத்தில் என் போத்தல் இருந்தது. நிரப்பி வைத்திருந்தான்.