எஸ்கோவும் ஷெல்டேயும்

துர்னேக்காரருக்கு,

நேற்று ஃபீன் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "அம்மா, மேப்புல அப்பா ஊரே இல்ல! அப்பா சொன்ன எஸ்கோ ஆறும் இல்ல!"

ஆண்ட்வெர்ப் பள்ளி வரைபடத்தில் எப்படி இருக்கும்? நீங்கள் பிரெஞ்சில் துர்னே என்பது எங்கள் டச்சில் டோர்னிக். உங்கள் எஸ்கோதான் எங்கள் ஷெல்டே. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் பிரெஞ்சு பேச ஆளில்லை. அவளுக்கு யார் சொல்வார்கள்?

அவள் விரலைப் பிடித்து அந்த ஒற்றை நீலக் கோட்டின் மேல் நகர்த்திக் காட்டினேன். அழுகை நின்றது, கேள்வி நிற்கவில்லை.

"அப்போ அப்பா வீட்டுப் பக்கத்துத் தண்ணிதான் இங்க வருதா?"

"ஆமாடி."

"நம்ம தண்ணி அங்க போகுமா?"

கடல் ஏறும்போது ஆறும் பின்னோக்கி ஏறும் என்றேன். எதுவரைக்கும் என்று பிடித்துக்கொண்டாள். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் துறைமுகத்துக்கே போய்க் கேட்டோம். நம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் கெந்த் வரைக்குமாம்; அங்கே மதகு மறித்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கெந்த் வரை ஏறி வருகிறோம். மீதித் தூரம் நீங்கள்தான் இறங்கி வர வேண்டும்.

இப்படிக்கு,
ஷெல்டேக்காரி